துணி காயாத தெரு: தோசோனின் நாவலும் கிஸோ மலைப்பாதையும்

ஜப்பானின் பழைய ஊர்களில் நடந்துவிட்டு வந்து எழுதப்படும் கட்டுரைகளில் ஒரு வரி தப்பாமல் வந்துவிடுகிறது: 'காலம் இங்கே உறைந்து நிற்கிறது.' ஆங்கிலப் பயண இதழ்களிலும் இதுதான். நம்மவர்கள் முகநூலில் படங்களோடு எழுதும்போதும் இதுதான். மர வீடுகள், கல் பாவிய சரிவு, நீர்ச்சக்கரம், ஒரு கோப்பை தேநீர், அப்புறம் இந்த வரி. எழுதியவர் உண்மையாகவே மகிழ்ந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. என் சிக்கல் அந்த வாக்கியத்தோடுதான். இப்படி அடிக்கடி எழுதப்படும் ஊர்களில் இரண்டு, மகோமேவும் ட்சுமாகோவும். மத்திய ஜப்பானில் கிஸோ பள்ளத்தாக்கில் இருக்கின்றன. இந்த ஊர்களைப் பற்றி ஒரு பெரிய நாவல் இருக்கிறது. அதைப் படித்து முடித்த யாரும் மேலே சொன்ன வரியை எழுத மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

நாவல், ஷிமாசாகி தோசோனின் 'யோஆகே மாயே'. தமிழில் 'விடியலுக்கு முன்' என்று சொல்லலாம். 1929 தொடங்கி 1935 வரை இதழில் தொடராக வந்தது. நான் வாசித்தது வில்லியம் நாஃப் செய்து 1987இல் ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு. எழுநூறு பக்கங்களுக்கு மேல். நடக்கப் போவதற்கு முன் ஒரு முறையும் போய் வந்த பின் ஒரு முறையும் வாசித்தேன். இரண்டாவது வாசிப்பில்தான் அந்த நடையில் நான் பார்த்தவை என்னென்ன என்று தெரிந்தது.

பாதையைப் பற்றி முதலில் கொஞ்சம். எடோவையும் (இன்றைய தோக்கியோ) கியோத்தோவையும் மலைகள் வழியாக இணைத்த நாகசென்டோ சாலையில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. எடோவிலிருந்து எண்ணினால் ட்சுமாகோ 42ஆவது, மகோமே 43ஆவது. இரண்டுக்கும் நடுவே சுமார் எட்டு கிலோமீட்டர். 800 மீட்டர் உயரத்தில் ஒரு கணவாயைக் கடக்க வேண்டும். மகோமே பக்கமிருந்து கிளம்பினால் ஏற்றம் குறைவு. சாவகாசமாக மூன்று மணி நேரம். வழியில் கரடியை விரட்ட அடிக்கும் மணிகளை ஆங்காங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டாம், சுற்றுலா அலுவலகத்தில் கொடுத்தால் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். இந்தப் பெட்டி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் தோசோனின் நாவல் முழுக்க முழுக்கச் சுமை தூக்குவதைப் பற்றியது.

நாயகன் அவோயாமா ஹான்ஸோ. தோசோனின் தந்தையை வைத்து எழுதப்பட்ட பாத்திரம். தோசோன் 1872இல் மகோமேயில்தான் பிறந்தார். ஹான்ஸோவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக மூன்று வேலைகளைச் செய்கிறது. பிரபுக்கள் இரவு தங்கும் ஹோன்ஜின் என்ற விடுதி அவர்கள் வீடுதான். ஊர்த் தலைவர் பொறுப்பும் அவர்களுடையது. ஒரு தங்கல் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அரசாங்கச் சுமைகளை ஆளும் குதிரையும் வைத்துக் கடத்திவிடும் பொறுப்பும் அவர்களுடையது. நாகசென்டோவில் ஓர் ஊர் 50 ஆளும் 50 குதிரையும் தயாராக வைத்திருக்க வேண்டும் என்பது விதி. கிஸோ ஏழை மலைநாடு என்பதால் இங்கே மட்டும் 25 ஆள், 25 குதிரை. அது போதாத நாளில் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து விவசாயிகளை இழுத்து வருவார்கள். நடவு நேரமா அறுப்பு நேரமா என்றெல்லாம் கேட்பு கிடையாது.

1861இல் பேரரசரின் தங்கை கஸுநோமியா ஷோகுனை மணக்க இந்த வழியாக எடோவுக்குப் போகிறாள். பல்லாயிரம் பேர் கொண்ட ஊர்வலம். இன்றைய வழிகாட்டிப் புத்தகங்களில் இது ஒரு வண்ணமயமான செய்தி. தோசோன் இதை அரிசியாக, வைக்கோலாக, படுக்கையாக, வராமல்போன கூலியாக எழுதுகிறார். நாவலின் முதல் பாதியில் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கணக்குப்புத்தகத் தன்மை. அதற்குக் காரணமும் உண்டு. மகோமேயில் பக்கத்து வீட்டு வியாபாரி பல பத்தாண்டுகள் எழுதி வைத்த நாட்குறிப்பைத் தோசோன் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டார். மழை எப்போது பெய்தது, யார் ஊர்வலம் போனது, என்ன விலை விற்றது, யார் செத்தது. அந்த வியாபாரியே கிம்பே என்ற பாத்திரமாக நாவலுக்குள் நடமாடுகிறார். சரித்திர நாவல் என்றால் வாளும் சபதமும் என்று பழகிய நமக்கு இது முதலில் சலிப்பாகக்கூட இருக்கும். முதல் நூறு பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும், பொய் சொல்ல மாட்டேன்.

அழகுக்கு வருகிறேன். மகோமேயிலிருந்து ட்சுமாகோ போகும் வழியில் என்னை நிற்க வைத்தது காடு. நெடுநெடுவென்று ஹினோக்கி, ஸுகி மரங்கள், தரையெல்லாம் பச்சை இருட்டு, எங்கோ தண்ணீர்ச் சத்தம். நான்கூட அங்கே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து சும்மா இருந்தேன்.

ஹினோக்கி கிஸோவின் பொன். இஸே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்களே, அதற்கு மரம் இங்கிருந்து போகிறது. எடோ காலத்தில் இந்த மலைகள் ஓவாரி பிரபுவின் கையில் இருந்தன. ஹினோக்கியோடு சேர்த்து ஐந்து வகை மரங்களை ஊர்க்காரன் தொடக்கூடாது. 'ஒரு மரத்துக்கு ஒரு தலை' என்று இன்றும் அங்கே சொல்கிறார்கள். ஆனாலும் மலை முழுவதும் மூடப்படவில்லை. 'திறந்த மலை' என்று ஒரு பகுதி இருந்தது. அங்கே போய்த் தடைசெய்யப்படாத மரத்தையும் விறகையும் எடுத்துக்கொள்ளலாம். வயல் இல்லாத ஜனங்களுக்கு அதுதான் சோறு.

ஹான்ஸோ மெய்ஜி மறுமலர்ச்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தவன். ஹிராத்தா பள்ளியின் சீடன். ஷோகுன் போய்ப் பேரரசர் ஆட்சி வந்தால் பழைய நேர்மையான காலம் திரும்பும், காடும் ஜனங்களுக்குத் திரும்பும் என்று நம்பியவன். 1868இல் அவன் கேட்ட ஆட்சி வந்தது. புதிய அரசு அனுப்பிய அதிகாரிகள் திறந்த மலையையும் சேர்த்து அரசுக் காடாக்கினார்கள். கிஸோவின் 33 கிராமங்களுக்காக ஹான்ஸோ மனு எழுதுகிறான். அதற்குப் பரிசாக அவனுடைய ஊர்த் தலைவர் பதவி பறிபோகிறது. பிற்பாடு, 1889இல், அந்தக் காடுகள் அரச குடும்பத்தின் சொத்தாகவே எழுதப்பட்டுவிட்டன. எந்தப் பேரரசருக்காக அவன் கனவு கண்டானோ அவர் பெயரிலேயே.

நான் உட்கார்ந்து ரசித்த இருட்டு அப்படி வந்தது. ஜனங்களை வெளியே நிறுத்திக் காப்பாற்றப்பட்ட காடு. இன்று நிற்பவை அதே மரங்கள் அல்ல, எத்தனையோ முறை வெட்டி நட்டிருப்பார்கள். ஆனால் இந்த மலை ஹினோக்கி மலையாக இருப்பதற்கும், விறகுப் புதரும் புல்மேடுமாக இல்லாமல் இருப்பதற்கும் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. நாவல் அந்தத் தீர்ப்பில் தோற்றவனின் கதை.

வீடுகளைப் பாருங்கள். மகோமேயின் சரிவில் ஏறும்போது இருபுறமும் நிற்கும் கட்டடங்களை முந்நூறு வருஷப் பழசு என்று கூட வந்த ஒருவர் சொல்லிக்கொண்டே வந்தார். மகோமே 1895இல் எரிந்தது. 1915இல் மறுபடி எரிந்தது. தோசோன் பிறந்த ஹோன்ஜின் முதல் தீயிலேயே போய்விட்டது. அதில் மிஞ்சியது பாட்டன் பாட்டிக்காகக் கட்டிய சிறிய தனிவீடு ஒன்றுதான். ட்சுமாகோவில் இருக்கும் ஹோன்ஜின், பழைய வரைபடத்தை வைத்து 1995இல் கட்டியது. அந்த ஊரின் கம்பீரமான பழைய வீடு என்றால் ஒகுயா என்ற துணை விடுதி. கருத்துப் பளபளக்கும் ஹினோக்கி உத்தரங்கள், நடுக்கூடத்தில் அடுப்பு, சாய்ந்து விழும் வெயில். பார்க்க வேண்டிய வீடுதான். அது 1877இல் எழுந்தது. அதற்கு முன் எழ முடியாது. ஊர்க்காரன் ஹினோக்கியில் வீடு கட்டக் கூடாது என்ற தடை எடோ ஆட்சியோடுதான் போனது. ஹான்ஸோவின் ஏழைகளிடமிருந்து திறந்த மலையைப் பிடுங்கிய அதே சில ஆண்டுகளில், கையில் பணமிருந்த குடும்பம் ஹினோக்கி மாளிகை கட்டிக்கொண்டது. நாம் 'சாமுராய் காலத்து வீடு' என்று படம் எடுத்துக்கொள்கிறோம்.

படங்கள் என்றதும் என் பெரியம்மா நினைவுக்கு வருகிறார். பேராக்கில் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். என் கைப்பேசியில் ட்சுமாகோ தெருவைக் காட்டினேன். ஒட்டினாற்போல் வரிசையாக மர வீடுகள். கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"நம்ம லயம் மாரியே இருக்குடா" என்றார். பிறகு, "ஆனா என்னா இது, ஒரு வூட்லகூட துணி காயல?"

நான் வாசித்த எந்தப் பயணக்கட்டுரையிலும் இந்தக் கேள்வி இல்லை. ட்சுமாகோ தெருவில் மின்கம்பிகள் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருக்கின்றன. பகலில் கார் உள்ளே வர முடியாது. தொலைக்காட்சி ஆண்டெனா தெரியாது. மக்கள் குடியிருக்கிறார்கள், ஆனால் குடியிருப்பதன் அடையாளம் தெருப்பக்கம் வரக்கூடாது. அழகு என்று நாம் சொல்வதில் பாதி, அங்கிருப்பவர்கள் நமக்காக மடித்து உள்ளே வைத்துக்கொண்ட வாழ்க்கை. தெருவில் அரசாணைப் பலகை ஒன்றை மறுபடி செய்து நிறுத்தியிருக்கிறார்கள். ஒருகாலத்தில் அதைப் பார்த்துத் தொடை நடுங்கியிருப்பார்கள். இப்போது அதன் கீழே நின்று சிரித்துக்கொண்டு படம் எடுக்கிறோம்.

இதைச் சொல்லும்போது ட்சுமாகோ மக்களை நான் குறை சொல்வதாகப் படக்கூடாது. உண்மையில் நடந்தது இது. 1872க்குள் தங்கல் ஊர் முறை ஒழிந்தது. 1911இல் சூஓ ரயில்பாதை முழுமையடைந்தபோது அது கிஸோ ஆற்றை ஒட்டிப் போனது. மலைமேல் இருந்த இந்த இரண்டு ஊர்களும் அம்போவென்று நின்றன. வேலை இல்லை, இளசுகள் கிளம்பிவிட்டன. பணம் இருந்திருந்தால் மற்ற ஊர்களைப் போல இடித்துச் சிமெண்டில் கட்டியிருப்பார்கள். வறுமைதான் அந்த வீடுகளை விட்டுவைத்தது. 1968இல் சீரமைப்பு தொடங்கியது. 1971இல் ஊர்க்காரர்கள் கூடி ஒரு சாசனம் எழுதினார்கள்: விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை. வெளியூர்ப் பணம் வந்து தெருவை வாங்கிக்கொண்டு போய்விடக்கூடாது என்று எழுதிய சாசனம் அது. ஹான்ஸோ 33 கிராமங்களுக்காகக் கேட்டதும் ஏறக்குறைய இதுதானே, எங்களுடையதை எங்கள் கையில் விடு என்பது. நூறு வருஷம் கழித்து ஒரு தெருவுக்கு மட்டும் அது கிடைத்தது, அதுவும் பார்வையாளர்கள் வந்துகொண்டே இருந்தால் நிற்கும் என்ற ஏற்பாட்டில். இதில் எங்கே உறைந்தது காலம்? ஒவ்வொரு கூரையிலும் யாரோ ஒருவர் எடுத்த முடிவு இருக்கிறது.

நம் தோட்ட எழுத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்லத்தான் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, பிறகு செம்பனையாகி, வீட்டுமனையாகிப் போனபின் நாம் எழுதும் நினைவுக் கட்டுரைகளில் லயம் அழகாகிக்கொண்டே வருகிறது. விடிகாலைப் பனி, கோயில் திருவிழா, ஆற்று மீன், ஒருவர் வீட்டுக் குழம்பு ஒன்பது வீட்டுக்குப் போவது. பெரட்டு மணி மட்டும் மெல்ல மெல்ல இனிமையாக ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பெரியம்மா துணியைத் தேடினாரே, அந்தக் கண்ணோடு எழுதப்பட்டவை குறைவு. தோசோனை நம் எழுத்தாளர்கள் வாசிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம். சொந்த ஊரை, சொந்த அப்பாவை, இவ்வளவு நேசத்தோடு எழுதிக்கொண்டே எந்த இடத்திலும் சர்க்கரை சேர்க்காமல் இருக்க முடியும் என்று அவர் காட்டுகிறார்.

நடையைப் பற்றி எழுதியவர்களில் ஆலன் பூத் எனக்குப் பிடித்தவர். 1977இல் ஜப்பானின் வடகோடியிலிருந்து தென்கோடிவரை 128 நாள் நடந்தார். 'தி ரோட்ஸ் டு ஸாட்டா' என்ற அந்தப் புத்தகத்தில் அழகான ஊரைத் தேடி அவர் போவதில்லை. வழியில் இருக்கும் ஊருக்குப் போகிறார். லாரிகள் போகும் சாலை, அறை இல்லை என்று கதவைச் சாத்தும் விடுதிக்காரர், பின்னாலேயே கத்திக்கொண்டு வரும் பிள்ளைகள், நிறைய பியர். ஏற்றிக்கொள்கிறேன் என்ற கார்களை எல்லாம் மறுத்துவிடுகிறார். கால் தரையில் இருப்பவனுக்கு மட்டுமே கிடைக்கும் கோபமும் சிரிப்பும் அதில் இருக்கின்றன. பாஷோகூட 1688இல் கிஸோ வழியாக நிலவு பார்க்கப் போனபோது பயந்துகொண்டுதான் போயிருக்கிறார், பாதிவழி குதிரைமேல். அவருக்கு அது அழகான கிராமங்களின் வரிசை அல்ல, விழுந்தால் எலும்பு தேறாத பாதை.

தோசோனிடம் குறைகளும் உண்டு. இரண்டாம் பாகத்தில் அரசியல் செய்திகள் மூட்டை மூட்டையாக வந்து விழுகின்றன. வெளிநாட்டுத் தூதர்கள், துறைமுக ஒப்பந்தங்கள் என்று பல பக்கங்கள் மகோமேயை விட்டே வெளியே போய்விடுகிறார். பெண்களுக்கு அவர் இடம் கொடுப்பதில் கஞ்சத்தனம் தெரிகிறது. ஹான்ஸோவின் மகள் ஒகுமே கல்யாணத்துக்கு முன் தற்கொலைக்கு முயல்கிறாள். நாவலின் மிகக் கூர்மையான கணங்களில் ஒன்று. ஆனால் அவள் மனதுக்குள் தோசோன் போகவே இல்லை. அப்பாவின் அதிர்ச்சியோடு நிறுத்திக்கொள்கிறார். இதே கதையை ஒகுமேயின் பக்கமிருந்து யாராவது எழுதினால் அது வேறொரு பெரிய நாவலாக இருக்கும்.

ஆனாலும் ஒரு காட்சிக்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம். மறுமலர்ச்சி நடந்துகொண்டிருக்கும்போதே அக்கம்பக்கத்து விவசாயிகள் கலகம் செய்கிறார்கள். ஹான்ஸோ அதிர்ந்துபோகிறான். இவர்களுக்காகத்தானே எல்லாம்? தனக்கு நன்கு தெரிந்த ஒரு குடியானவனிடம் கேட்கிறான், என்ன குறை, என்னிடம் சொல்லக்கூடாதா என்று. உங்களிடம் யார் ஐயா உண்மையைச் சொல்வார்கள் என்ற பொருளில் அவன் பதில் சொல்லிவிட்டுப் போகிறான். மரியாதையாகத்தான் சொல்கிறான். அவ்வளவு காலம் அவர்களோடு வாழ்ந்து, அவர்களுக்காக மனு எழுதப்போகிற மனிதனுக்கே அந்தப் பதில். இரண்டு இரவு தங்கிவிட்டு 'எளிய மனிதர்கள், கள்ளமில்லாத சிரிப்பு' என்று எழுதுகிறோமே, அதை இந்தப் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம். கணவாய்க்கு அப்பால் ஒரு பழைய தேநீர் வீட்டில் தன்னார்வலர்கள் நடப்பவர்களுக்கு இலவசமாகத் தேநீர் கொடுக்கிறார்கள். அங்கிருந்த முதியவர் எந்த நாடு என்று கேட்டார், மலேசியா என்றேன், மகிழ்ச்சியாகத் தலையசைத்தார். எங்கள் பேச்சு அவ்வளவுதான். அவர் சிரிப்பைப் பற்றி எனக்கு எழுத எதுவும் இல்லை. தேநீர் நன்றாக இருந்தது.

பதவி போனபின் ஹான்ஸோ தோக்கியோ போகிறான். 1874இல் பேரரசரின் ஊர்வலத்தை நோக்கித் தன் கவிதை எழுதிய விசிறியை வீசுகிறான். பிடித்து விசாரித்து அபராதம் போடுகிறார்கள். ஹிடா மலையில் ஓர் ஆலயத்தில் பூசாரியாகச் சில வருஷம். பிறகு மகோமே, கடன், குடி. ஒருநாள் தன் முன்னோர் நிறுவிய பௌத்த விகாரைக்கே தீ வைக்கிறான். ஊரார் கூடி விறகுக் கொட்டகையில் மரச்சட்டம் அடித்து அறை செய்து உள்ளே பூட்டுகிறார்கள். காட்டுக்காக வழக்காடியவன் கடைசியில் விறகுக் கொட்டகையில். தோசோன் இதைச் சுட்டிக்காட்டுவதில்லை, சாதாரணமாகச் சொல்லிக் கடந்துபோகிறார். 1886இல் அங்கேயே சாகிறான். குழி வெட்டும் மண்வெட்டிச் சத்தத்தோடு நாவல் முடிகிறது.

மகோமேயின் ஹோன்ஜின் இருந்த இடத்தில் 1947இல் ஊர்க்காரர்களே கல் சுமந்து, மண் சுமந்து தோசோனுக்கு நினைவகம் கட்டினார்கள். சரிவின் நடுவிலேயே இருப்பதால் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். ஹான்ஸோ தீ வைத்ததாக நாவலில் வருகிற விகாரை, நிஜத்தில் எய்ஷோஜி. அங்கேதான் அந்தக் குடும்பத்தின் கல்லறைகள் இருக்கின்றன. தோசோனின் முடியும் நகமும்கூட அங்கே புதைக்கப்பட்டிருக்கின்றன. நடைபாதையிலிருந்து விலகிப் பக்கத்துச் சந்தில் சில நிமிடம் நடக்க வேண்டும். நான் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. ட்சுமாகோ பக்கம் கிளம்புகிறவர்களின் மணிச்சத்தம் மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தது.